பேரேட்டில் நின்ற பேரரசுகள்

முகலாயப் பேரரசர் ஜகாங்கீருக்கு ஒரு கனவு வந்தது. பாரசீகத்தின் ஷா அப்பாஸும் அவரும் எதிரெதிரே நின்று தழுவிக்கொள்கிறார்கள். விழித்ததும் அதைப் படமாகத் தீட்டச் சொன்னார். 1618-ஆம் ஆண்டு வாக்கில் அபுல் ஹசன் வரைந்த அந்த ஓவியத்தில் இரு மன்னர்களும் ஓர் உலக உருண்டையின் மேல் நிற்கிறார்கள். ஜகாங்கீர் ஓங்கி, பருத்து, பட்டும் மணியுமாக இருக்கிறார். அப்பாஸ் தோள் குறுகி ஒடுங்கியிருக்கிறார். ஒருவர் காலடியில் சிங்கம், மற்றவர் காலடியில் ஆடு. சிங்கம் சாதுவாகப் படுத்திருப்பதுபோலத்தான் முதலில் தெரியும். உற்றுப் பார்த்தால் அது ஆட்டைப் பாரசீகத்தை விட்டே மத்தியதரைக் கடல் பக்கம் நகர்த்திக்கொண்டிருப்பது புரியும். இந்த இருவரும் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. 1622-இல் அப்பாஸின் படை காந்தகார்க் கோட்டையைப் பிடித்துக்கொண்டது. ஜகாங்கீரால் அதை மீட்க முடியவில்லை.

இந்தப் படத்தை யார் பார்ப்பதற்காக வரைந்தார்கள்? ஆக்ராவுக்கு வெளியே ஏர் ஓட்டியவன் அதைப் பார்த்திருக்க மாட்டான். அரண்மனைத் தொகுப்பில் கிடந்த சிறிய தாள் அது; அரசவைக்கு நெருங்கிய சிலரே புரட்டிப் பார்த்திருப்பார்கள். பேரரசுகளைப் பற்றி நாம் படிக்கும் பல செய்திகளுக்கும் இது பொருந்தும். முடிசூட்டு விழா, வம்சக் கதை, பட்டப் பெயர், மசூதி, கோபுரம் எல்லாமே குடிமக்களை மயக்கச் செய்தவை என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அவை அரசனுக்கும் குடிக்கும் நடுவே நின்ற சில ஆயிரம் பேரை நோக்கிச் சொன்ன பேச்சு. குதிரைப்படைத் தலைவர்கள், கணக்கர்கள், மதகுருமார்கள், உள்ளூர்ப் பாளையக்காரர்கள் போன்ற இந்த நடு ஆட்களை எப்படிச் சேர்ப்பது, எதைக் கொடுத்து வைத்துக்கொள்வது, அவர்களே அரசர்களாகிவிடாமல் எப்படித் தடுப்பது? 1450 முதல் 1750 வரை நிலத்தில் விரிந்த பேரரசுகளான ஒட்டோமன், சஃபாவி, முகலாயம், ருஷ்யா, சீனத்தின் சிங் ஆகிய ஐந்துக்கும் இதுவே தீராத தலைவலியாக இருந்தது.

பீரங்கிக்கு எவ்வளவு பங்கு

இவற்றில் முதல் மூன்றையும் ‘வெடிமருந்துப் பேரரசுகள்’ என்று ஒரே கூடையில் போடும் வழக்கம் மார்ஷல் ஹாட்ஜ்சன், வில்லியம் மெக்நீல் ஆகிய அமெரிக்க வரலாற்றாசிரியர்களிடமிருந்து வந்தது. பெருங்கோட்டைகளை உடைக்கும் பீரங்கி வார்க்க நிறையப் பணம் வேண்டும். பணம் மைய அரசிடமே இருக்கும். ஆகவே சிற்றரசர்கள் ஒழிந்து பேரரசுகள் எழுந்தன என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1453-இல் இரண்டாம் மெஹ்மது கான்ஸ்டான்டினோபிளின் மதிலை ஹங்கேரிய வார்ப்பாளர் ஓர்பான் செய்த ராட்சதப் பீரங்கியால் தகர்த்தார். 1514-இல் சால்திரான் களத்தில் ஒட்டோமன் சுல்தான் செலிமின் பீரங்கிகளும் துப்பாக்கிகளும் சஃபாவி ஷா இஸ்மாயிலின் குதிரைவீரர்களைச் சிதைத்தன. 1526 ஏப்ரலில் பானிபட்டில் பாபர் வண்டிகளைத் தோல்கயிற்றால் பிணைத்து, அவற்றின் பின்னே துப்பாக்கிக்காரர்களை நிறுத்தி இப்ராகிம் லோடியை வீழ்த்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒட்டோமன் சுல்தான் சுலைமான் மொஹாச் களத்தில் ஹங்கேரியை அழித்தார். பாபர் தம் பீரங்கி ஒன்றை ‘ஃபிரங்கி’ என்கிறார். நம் ‘பீரங்கி’ அந்தச் சொல்லின் உறவுதான்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். சால்திரானில் வென்ற செலிம் தப்ரீஸ் நகருக்குள் நுழைந்தார். அங்கே குளிர்காலம் தங்கி மேலே போக வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய ஜானிசரிக் காலாட்படையினர் முடியாது என்றார்கள். பிடித்த தலைநகரை விட்டுவிட்டு சுல்தான் திரும்பினார். பானிபட்டில் வென்ற பாபரின் கதியும் ஏறத்தாழ அதுவே. ஆக்ராவின் கோடையில் அவர் தளபதிகள் காபூலுக்கே போய்விடலாம் என்று முணுமுணுத்தார்கள். லோடிகளின் கருவூலத்தை அள்ளி வழங்கியும், கூட்டிவைத்துக் கெஞ்சலும் அதட்டலுமாகப் பேசியும்தான் அவர்களை நிறுத்தினார். அப்படியும் நெருங்கிய தோழர் குவாஜா கலான் கிளம்பிப் போய்விட்டார். பாபரின் மகன் உமாயூனிடம் 1540-இல் கன்னோசிப் போரில் ஏராளமான பீரங்கி வண்டிகள் இருந்தன. ஆப்கானியத் தலைவர் ஷேர்ஷா அவரை ஓட ஓட விரட்டினார். சீனத்தில் இன்னும் வேடிக்கை. 1644-இல் பெருஞ்சுவரின் ஷான்ஹாய்க் கணவாயை மஞ்சுப் படைக்குத் திறந்துவிட்டவர் அதைக் காத்துக்கொண்டிருந்த மிங் தளபதி வூ சான்குய். கலகக்காரர்கள் பெய்ஜிங்கைப் பிடித்துவிட்டிருந்ததால், எதிரிக்கு எதிரி நண்பன் என்று அவர் கணக்குப் போட்டார்.

பீரங்கி வாதத்துக்கு எதிராக நம் பக்கத்திலிருந்தே ஒரு சாட்சி சொல்லலாம். மராத்திய மன்னர் ராஜாராம் செஞ்சிக்கோட்டைக்குள் இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார். ஆசியாவின் மிகப் பணக்காரப் பேரரசின் பீரங்கிகள் அவர் பின்னால் இருந்தன. கோட்டை விழுந்தது 1698-இல். ராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார். தளபதியே எதிரியுடன் உள்ளுக்குள் பேசிவைத்துக்கொண்டு இழுத்தடிக்கிறார் என்ற சந்தேகம் அன்றைக்கே எழுந்தது. முகலாயப் பேரரசு தளர்ந்த கதையை எழுதுபவர்கள் டெல்லியிலிருந்து தொடங்குகிறார்கள். செஞ்சி மலையடிவாரத்திலிருந்து தொடங்கினால் இன்னும் தெளிவாக எழுதலாம் என்பது என் எண்ணம். எட்டு ஆண்டு பீரங்கி போதவில்லை என்றால் குறை பீரங்கியில் இருக்க முடியாது. அதன் பின்னே நின்ற ஆட்களுக்கு வெற்றியில் என்ன ஆதாயம் என்று கேட்க வேண்டும்.

மண்ணைக் கொடு, வேரை விடாதே

நடு ஆட்களுக்குக் கூலி தர வேண்டும். வெள்ளி போதாது, அதை ஊர் ஊராகத் திரட்டித் தலைநகருக்குக் கொண்டுவந்து மறுபடி படைவீட்டுக்கு அனுப்பும் வசதியும் இல்லை. ஆகவே கூலியாக நிலத்தின் வருவாயையே எழுதிக் கொடுத்தார்கள். கொடுத்தால் வாங்கியவன் அங்கேயே வேர்விட்டு, பிள்ளைக்கும் பேரனுக்கும் விட்டுப்போய், மூன்றாம் தலைமுறையில் அரசனை எதிர்த்து நிற்பான். கொடுக்கவும் வேண்டும், வேர்விடவும் கூடாது. இந்தச் சிக்கலை ஒவ்வொரு பேரரசும் அவிழ்த்த விதத்தில்தான் அதன் சாமர்த்தியம் தெரிகிறது.

ஒட்டோமன்கள் ஒரு நாட்டைப் பிடித்ததும் முதலில் அனுப்பியது எழுத்தரை. அவர் கிராமம் கிராமமாகப் போய் வீட்டுத் தலைவர் பெயர், உழவுமாடு, ஆலை, தேன்கூடு, திராட்சைத் தோட்டம் வரை எழுதினார். விரிவான பேரேட்டுக்கு ‘முஃபஸ்ஸல்’ என்று பெயர். நம் ஊர் ‘மொபசல்’ பேருந்தின் பெயருக்கும் அதுவே வேர். அதைச் சுருக்கி எழுதிய இன்னொரு பேரேட்டில் எந்த ஊரின் வருவாய் எந்தக் குதிரைவீரனுக்கு என்று இருக்கும். அப்படி ஒதுக்கியதே திமார். பெற்றவன் சிபாஹி, நம் சிப்பாய் அவனுடைய தூரத்து உறவு. ஆண்டுக்கு 20,000 அக்சே நாணயத்துக்குக் குறைவான வருவாய் திமார் எனப்படும்; அதற்கு மேல் வேறு பெயர்கள். வருவாய் கூடக்கூடப் போருக்குக் கூட்டிவர வேண்டிய ஆயுதவீரர் எண்ணிக்கையும் கூடும். மண் சுல்தானுடையது, உழும் உரிமை குடியானவனுடையது, வரி மட்டும் சிபாஹிக்கு. போருக்கு வராவிட்டால் அதுவும் போகும்.

இதற்குமேல் ஒரு காப்பும் வைத்திருந்தார்கள். பால்கன் மலைக் கிறித்தவக் கிராமங்களிலிருந்து சிறுவர்களை எடுத்துவந்து, மதம் மாற்றி, பயிற்றி, சுல்தானின் அடிமைகளாக வளர்த்தார்கள். பலர் ஜானிசரிக் காலாட்படைக்குப் போனார்கள்; கெட்டிக்காரர்கள் அமைச்சர்கள் ஆனார்கள். குலமும் கோத்திரமும் இல்லாதவன் அரசனைத் தவிர யாரை நம்புவான் என்பது கணக்கு. மனிதர்கள் அப்படி முழுதும் வேரறுந்து போவதில்லை. போஸ்னியச் செர்பியக் குடும்பத்திலிருந்து எடுக்கப்பட்டுப் பிரதம அமைச்சர் வரை உயர்ந்த சொகொல்லு மெஹ்மது பாஷாவின் காலத்தில் 1557-இல் செர்பியத் திருச்சபைத் தலைமைப் பீடம் மீண்டும் நிறுவப்பட்டபோது, அதில் அமர்ந்தவர் அவருடைய உறவினர்.

முகலாயர் வழி இன்னும் நுட்பமானது. வரலாற்றில் கணக்குப்பிள்ளைகளுக்குச் சிலை வைப்பதாக இருந்தால் முதல் சிலை அக்பரின் வருவாய் அமைச்சர் தோடர் மாலுக்கு வைக்க வேண்டும். அக்பர் 1570-களில் அமைத்த ஏணியில் ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு மன்சப், அதாவது ஓர் எண். பிறகு அது இரண்டு எண்ணாயிற்று: ‘ஸாத்’ அவருடைய அந்தஸ்தையும் சம்பளத்தையும் காட்டும், ‘சவார்’ அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைவீரரைக் காட்டும். பிரபுக்கள் கணக்கெடுப்பு நாளில் பக்கத்து முகாமிலிருந்து குதிரையை இரவல் வாங்கி நிறுத்திவிட்டு மறுநாள் திருப்பி அனுப்பினார்கள். அக்பர் குதிரைக்குச் சூட்டுக்குறி போட்டார். வீரனின் முக அடையாளங்களை எழுதிவைத்தார். நிலம் அளக்கும் சணல்கயிறு ஈரத்தில் சுருங்கி, வெயிலில் நீண்டு குளறுபடி செய்ததால், இரும்பு வளையம் மாட்டிய மூங்கில் கோல்களைக் கொண்டுவந்தார்கள். 1580-இல் தோடர் மால் பத்து ஆண்டு விளைச்சலையும் விலையையும் கொண்டு பயிர்வாரியாக வரிவீதம் நிர்ணயித்தார். இந்த அளவை முறைக்கு ‘ஸப்தி’ என்று பெயர். கடன் கட்டாதவன் வீட்டுக்கு வரும் ஜப்தியும் அதே வேர்ச்சொல்தான். குடியானவன் காதில் இரண்டும் ஒன்றாகவே ஒலித்திருக்கும்.

சம்பளத்துக்கு ஈடாக ஒதுக்கிய நில வருவாயான ஜாகிரை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினார்கள். இன்று பீகாரில் வரி வாங்குபவர் நாளை குஜராத்தில் இருப்பார். அவர் செத்தால் சொத்தின் மீது அரசுக்கு உரிமை உண்டு. ராஜபுத்திரர்களுக்கு மட்டும் தாய்மண் ‘வதன் ஜாகிர்’ என்று விடப்பட்டது. அவர்கள் ஏற்கெனவே வேர்விட்டவர்கள், பிடுங்குவதைவிடப் பந்தலில் படரவிடுவது மேல் என்று அக்பர் கண்டார். இந்த ஏணியின் உச்சி எவ்வளவு குறுகலானது என்பதை ஜான் கைசரின் ஆய்வு காட்டியது: ஷாஜகான் காலத்து 8,000 மன்சப்தார்களில் 445 பேர் பேரரசின் மொத்த வருவாயில் 60 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். இந்த 445 பேரின் மனநிலையே பேரரசின் உடல்நிலை.

சஃபாவிகளின் கதை தலைகீழ். அவர்களை அரியணை ஏற்றியவர்களே கிசில்பாஷ் என்ற துருக்கிய இனக்குழுக்கள்; பன்னிரண்டு மடிப்புள்ள சிவப்புத் தொப்பிக்காரர்கள். தங்களை உருவாக்கியவர்களிடமிருந்து தப்பிக்க ஷா அப்பாஸ் ஜார்ஜியர், ஆர்மீனியர், சர்க்காசியர்களிலிருந்து ‘குலாம்’ படையைத் திரட்டினார். அதற்குச் சம்பளம் வேண்டுமே? கிசில்பாஷ் தலைவர்கள் கையிலிருந்த மாகாணங்களைப் பிடுங்கி அரண்மனைச் சொந்த நிலமாக்கினார். அவர் காலத்தில் இது அற்புதமாக வேலை செய்தது. இஸ்பகானின் சதுக்கமும் பள்ளிவாசல்களும் அந்தப் பணத்தில் எழுந்தவை. மாகாணத்தைக் காக்க அங்கேயே தங்கியிருந்த ஆள் இல்லாமல் போனதன் விலையை அவர் வாரிசுகள் 1722-இல் கொடுத்தார்கள். ஆப்கானியர் இஸ்பகானை முற்றுகையிட்டபோது உதவிக்கு வந்து சேரப் படை இல்லை.

ருஷ்யாவில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, அதில் நிற்கும் மனிதருக்கே பஞ்சம். ஜார் கொடுத்த நிலத்திலிருந்து குடியானவன் தெற்கே புல்வெளிக்கு ஓடிவிட்டால் அது வெறும் பனிக்காடு. ஆகவே அங்கே பேரம் மனிதர் மேல் முடிந்தது: ஓடிப்போனவரை எத்தனை ஆண்டு கழித்தும் பிடித்துவரலாம் என்று 1649-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அறிவித்தது. பிரபு ஜாருக்குக் கட்டுப்பட்டவர், குடியானவன் பிரபுவுக்கு. 1762-இல் மூன்றாம் பீட்டர் பிரபுக்களைக் கட்டாயச் சேவையிலிருந்து விடுவித்தார். அப்படியானால் எங்கள் கட்டு எதற்கு என்று கேட்க ஆரம்பித்த குடியானவர்கள் 1773-இல் புகச்சேவின் கலகத்தில் திரண்டார்கள். நியாயமான கேள்வி. பதிலாகக் கிடைத்தது தூக்குமரம்.

சிங் அரசு நிலம் கொடுக்கும் சிக்கலையே பெருமளவு தவிர்த்தது. மஞ்சுப் படைக்கொடிக் குடும்பங்கள் நகரங்களுக்குள்ளே தனி மதிலுக்குள் இருந்து வெள்ளியும் தானியமும் சம்பளமாக வாங்கின. ஆட்சியைத் தேர்வெழுதி வந்த சீன அதிகாரிகள் பார்த்தார்கள். சொந்த மாகாணத்தில் யாருக்கும் பதவி இல்லை. முகலாயர் ஜாகிரை மாற்றியதும் சீனர் அதிகாரியை மாற்றியதும் ஒரே பயத்தின் இரண்டு வடிவங்கள்.

ஏன் உன்னை அரசன் என்று ஏற்க வேண்டும்?

கூலி வாங்குபவனுக்கும் மானம் உண்டு. தன் தலைவன் சாதாரணக் கொள்ளைக்காரன் இல்லை என்று அவன் நம்ப வேண்டும். குறைந்தபட்சம் ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும்.

1501-இல் 14 வயதில் தப்ரீஸைப் பிடித்த இஸ்மாயில், தாமே தெய்வத்தின் வெளிப்பாடு என்று தோன்றும்படி துருக்கியில் கவிதை எழுதினார். அவருடைய வீரர்கள் அதை நம்பிப் போரிட்டார்கள். சால்திரான் தோல்விக்குப் பின் தெய்வத்துக்கும் குண்டு படும் என்று தெரிந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் லெபனானின் ஜபல் ஆமில் பகுதியிலிருந்து ஷியா அறிஞர்களை வரவழைத்து, தெய்வத்தை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஈரான் இன்றும் ஷியா நாடாக இருப்பது இந்த ஏற்பாட்டின் மிச்சம். அரசகுலம் 18-ஆம் நூற்றாண்டில் போனது, மதகுருமார் போகவில்லை.

ஒட்டோமன்கள் கேட்பவருக்கு ஏற்பப் பேசினார்கள். எல்லை வீரனிடம் புனிதப் போர். 1517-க்குப் பின் முஸ்லிம் உலகிடம் இரு புனித நகரங்களின் காவல். நீதிமன்றத்தில் கானூன் என்ற அரசச் சட்டம். அந்தச் சட்டத்தை மார்க்கச் சட்டத்தோடு இசைவித்தவர் 1545 முதல் தலைமை மார்க்க அறிஞராக இருந்த எபுஸ்ஸூத். ஐரோப்பியரிடம் பேச வேறு மொழி தேவைப்பட்டது. 1532-இல் வெனிஸ் பொற்கொல்லர்கள் செய்த நான்கடுக்கு மகுடம் ஒன்று சுலைமானுக்காக வாங்கப்பட்டது. போப்பின் முடியில் மூன்றடுக்குத்தான். ஒட்டோமன் சுல்தான்கள் மகுடம் சூடுவதே இல்லை. ஹாப்ஸ்பர்க் தூதர்களை மிரட்டுவதற்கென்றே வாங்கிய பொருள் அது. பிறகு உருக்கப்பட்டது.

அக்பரைப் பற்றி நம் பாடநூல்கள் சொல்வதில் ஒரு பாதி விட்டுப்போகிறது. 1564-இல் முஸ்லிம் அல்லாதார் மீதான ஜிஸ்யா வரியை நீக்கினார், பல மதத்தாரையும் ஃபதேபூர் சிக்ரியில் விவாதிக்க விட்டார், ‘சுல்-இ-குல்’ என்ற முழு இணக்கத்தைக் கொள்கையாக வைத்தார். உண்மை. கூடவே, காலையில் மாடத்தில் தோன்றித் தரிசனம் கொடுத்ததும், சீடர்களைச் சேர்த்ததும், தம் குலம் மங்கோலிய அரசி அலன்குவா ஒளியால் கருவுற்றதில் தொடங்கியது என்று அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸ்லை எழுதவிட்டதும் அதே ஏற்பாட்டின் அங்கங்கள். எல்லா மதத்துக்கும் மேலே நிற்க வேண்டும் என்றால் எல்லா மதத்தையும் விட்டுவைத்தாக வேண்டும். பேரன் மகன் ஔரங்கசீப் 1679-இல் ஜிஸ்யாவைத் திரும்பக் கொண்டுவந்தார், தரிசனத்தை நிறுத்தினார். ஆனால் வரலாற்றாசிரியர் அத்தர் அலியின் எண்ணிக்கைப்படி உயர்ந்த மன்சப்தார்களில் இந்துக்களின் பங்கு அக்பர் காலத்தில் நூற்றுக்கு 22 வாக்கில் இருந்தது, ஔரங்கசீப்பின் பிற்பாதியில் 31 ஆகிவிட்டது. தக்காணப் போரில் வளைத்த மராத்தியர்களால் வந்த உயர்வு. கொள்கை ஒரு பக்கம் போக, கூலிக்கணக்கு வேறு பக்கம் போயிற்று. இந்த ஒரு புள்ளிவிவரம் ஔரங்கசீப்பைத் திட்டுபவர்களுக்கும் பிடிக்காது, போற்றுபவர்களுக்கும் பிடிக்காது.

நியாயப்படுத்தும் கலையின் விசித்திரமான ஏடு சீனத்தில்தான் கிடைக்கிறது. மஞ்சுக்கள் சில லட்சம் பேர். ஆளவேண்டிய மக்கள் பத்துக் கோடிக்கு மேல். 1645-இல் ஆண்கள் முன்தலையை மழித்துச் சடை போட வேண்டும், மறுத்தால் தலை போகும் என்று உத்தரவு. ஜியாங்யின், ஜியாடிங் நகரங்களில் மறுத்தவர்கள் வெட்டப்பட்டார்கள். அதே அரசின் காங்ஷி பேரரசர் 1684-இல் கன்ஃபூசியஸின் ஊருக்குப் போய்த் தரையில் தலைபட வணங்கினார். அவர் பேரன் சியன்லாங்கைத் திபெத்திய ஓவியங்கள் மஞ்சுஸ்ரீ போதிசத்துவராகக் காட்டுகின்றன. சீனருக்குச் சான்றோன், மங்கோலியருக்குக் கான், திபெத்தியருக்குப் போதிசத்துவர்.

இடையில் ஆண்ட யோங்செங் இன்னொன்று செய்தார். மஞ்சுக்கள் காட்டுமிராண்டிகள், ஆளத் தகுதியற்றவர்கள் என்று நம்பிக் கலகத்துக்கு ஆள்தேடிய செங் சிங் என்ற நாட்டுப்புற ஆசிரியர் பிடிபட்டார். பேரரசர் அவரைக் கொல்லவில்லை, எழுத்தில் வாதிட்டார். பிறப்பால் யாரும் காட்டுமிராண்டி ஆவதில்லை, அறத்தால்தான் அரசன் என்று வாதாடி, ஆசிரியரின் வாக்குமூலத்தையும் சேர்த்து 1730-இல் புத்தகமாக்கி நாடெங்கும் வாசிக்கச் செய்தார். 1735-இல் அவர் இறந்ததும் மகன் சியன்லாங் முதல் வேலையாகச் செங் சிங்கைக் கொன்று புத்தகத்தைத் தடைசெய்தார். தகப்பனின் பதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேள்வியை நாடெல்லாம் கேட்க வைத்தது அந்தப் புத்தகமே அல்லவா?

அடுத்தவர் யார்

நடு ஆட்கள் எந்த மகன் பக்கம் சாய்வது என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் வந்தது. ஒட்டோமன் வழக்கம் குரூரமானது: 1595-இல் மூன்றாம் மெஹ்மது அரியணை ஏறிய கையோடு 19 சகோதரர்களைக் கழுத்து நெரித்துக் கொன்றார். இஸ்தான்புல் மக்களே அந்தச் சவப்பெட்டிகளைக் கண்டு கலங்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் கொல்வதற்குப் பதிலாக இளவரசர்களை அரண்மனைக்குள் அடைத்துவைத்தார்கள். உயிர் பிழைத்தது, உலகம் தெரியாத சுல்தான்கள் வந்தார்கள். அப்பாஸ் 1615-இல் மூத்த மகனைக் கொல்லச் செய்தார், மற்ற மகன்களைக் குருடாக்கினார். முகலாயரில் அரியணை அல்லது சவப்பெட்டி என்பது பேச்சுவழக்கு. முனிஸ் ஃபாரூக்கி 2012-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சண்டையே பேரரசை வளர்த்தது என்கிறார்: ஒவ்வொரு இளவரசரும் எதிர்காலப் போருக்காக நாடெங்கும் ஆள்சேர்த்தார், அதனால் புதிய குழுக்கள் அரசுக்குள் வந்துகொண்டே இருந்தன. ஏற்கத்தக்க வாதம், செத்த இளவரசர்களைக் கேட்காதவரை. இவர்களில் புத்திசாலி யோங்செங்தான்: வாரிசின் பெயரை எழுதிப் பெட்டிக்குள் வைத்து அரண்மனைப் பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். யார் பக்கம் சாய்வது என்று தெரியாததால் பிரபுக்கள் எல்லா மகன்களிடமும் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

பேரேடு பொய் சொல்லத் தொடங்கியபோது

முகலாயச் சரிவுக்குக் காரணம் தேடி ஒரு நூலகமே எழுதியிருக்கிறார்கள். இர்ஃபான் ஹபீப் 1963-இல் சொன்னது: சீக்கிரமே மாற்றலாகப்போகும் ஜாகிர்தார் ஊரை வளர்ப்பானா, கறப்பானா? கறந்தான், குடியானவன் ஓடினான் அல்லது எழுந்தான். அத்தர் அலி, தக்காணப் போரில் புதிதாகச் சேர்ந்த பிரபுக்களுக்குக் கொடுக்க ஜாகிர் இல்லாமல் போனதைச் சுட்டினார். ஜான் ரிச்சர்ட்ஸ் கோல்கொண்டா ஆவணங்களைப் பார்த்து, நிலம் இருந்தது, ஔரங்கசீப் அதைப் போர்ச்செலவுக்கென்று அரசின் கையிலேயே வைத்துக்கொண்டார் என்று மறுத்தார். முசாஃபர் ஆலம் 1986-இல் அவத்தையும் பஞ்சாபையும் ஆராய்ந்து, வறுமையைவிடச் செழிப்பே பேரரசை உடைத்தது, பணம் சேர்த்த ஜமீன்தார்களுக்கு டெல்லி தேவைப்படவில்லை என்றார்.

நால்வரும் வெவ்வேறு ஊர்களைப் பார்த்திருக்கிறார்கள். நால்வருக்கும் பொதுவாக இருப்பது எழுத்துக்கும் நிலத்துக்கும் விழுந்த விரிசல். அது ஔரங்கசீப்புக்கு முன்பே விழுந்துவிட்டது. ‘ஜமா’ என்பது எழுதிய வரி, ‘ஹாசில்’ என்பது வந்த வரி. ஷாஜகான் காலத்திலேயே இரண்டும் பொருந்தவில்லை. எழுதியதில் பாதி வரும் ஜாகிருக்கு ‘ஆறுமாத ஜாகிர்’ என்று பெயர் வைத்தார்கள். அதற்கேற்ப வீரர் கணக்கும் குறைந்தது: சொந்த மாகாணத்தில் சேவை என்றால் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு, வெளியே என்றால் நான்கில் ஒரு பங்கு கூட்டிவந்தால் போதும். 4,000 குதிரைக்காரர் என்று பட்டம் பெற்றவர் 1,000 பேரோடு வருவார். பட்டம் ஏறிக்கொண்டே போயிற்று, படை ஏறவில்லை. தெற்கே படையோடு திரிந்த பீம்சேன் தம் நினைவுக்குறிப்பில், ஜாகிர் எத்தனை நாள் கையில் இருக்கும் என்றே தெரியாதவனிடம் என்ன எதிர்பார்ப்பது என்ற பொருளில் புலம்புகிறார்.

மற்ற நாடுகளிலும் இதே நோய். ஜானிசரிகள் மணம் முடித்துக் கடை வைத்தார்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டு சந்தையில் கைமாறியது. செத்த வீரன் பெயரில் உயிரோடிருப்பவன் சம்பளம் வாங்கினான். 1826-இல் இரண்டாம் மஹ்மூது அந்தப் படையைப் பீரங்கியால் அழித்தபோது அது போர்ப்படையாக இருந்தே நெடுங்காலம் ஆகியிருந்தது. சீனத்தில் காங்ஷி 1712-இல் தலைவரிக் கணக்கை அப்படியே நிறுத்திவைத்தார்; மக்கள்தொகை 1800-க்குள் 30 கோடியைத் தாண்டியது. அரசின் ஏடு அந்தப் பழைய எண்ணிலேயே நின்றதால் உள்ளூர் அதிகாரிகள் மேல்வரியும் கையூட்டுமாக வாழ்ந்தார்கள். ருஷ்யாவில் இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவே செத்த பண்ணையடிமைக்கும் வரி கட்ட வேண்டும். அந்தச் செத்தவர்களை விலைக்கு வாங்கி அடகு வைக்கக் கிளம்பும் ஒருவனைப் பற்றித்தான் கோகல் 1842-இல் நாவல் எழுதினார்.

1739-இல் நாதிர்ஷா டெல்லியைக் கொள்ளையடித்து மயிலாசனத்தைக் கொண்டுபோனார். அதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1765 ஆகஸ்டில் அலகாபாத்தில் நடந்தது அதைவிடப் பெரிய கொள்ளை. கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டாம் ஷா ஆலமிடம் அரியணை கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானியைக் கேட்டது, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை. பதிலுக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டது. சில ஆண்டுகளில் அதையும் நிறுத்திவிட்டது. ஆசனத்தைத் தூக்கிப்போனவனுக்கு ஒரு பொருள் கிடைத்தது, ஏட்டை வாங்கியவனுக்கு நாடு கிடைத்தது. தெற்கில் செஞ்சி வீழ்ந்தபின் உருவான ஆற்காட்டு நவாபின் வரிநிர்வாகமும் 1801-இல் கம்பெனி கைக்குப் போயிற்று. தாசில்தார், சிரஸ்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி என்ற சொற்களை வெள்ளைக்காரர்கள் மாற்றவில்லை. மாற்றினால் கணக்கு புரியாது.

கடைசி முகலாயரை 1858-இல் ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். அக்பர் காலத்தில் வடக்கே அறுவடைக் கணக்குக்காக வகுத்து, ஷாஜகான் காலத்தில் தக்காணத்துக்கு வந்த பசலி ஆண்டு மட்டும் யாராலும் நாடு கடத்தப்படவில்லை. தமிழ்நாட்டு வருவாய்த்துறை அடங்கல் பதிவேட்டில் அது இன்றும் இருக்கிறது: 2024 ஜூலை 1-ஆம் தேதி பிறந்தது பசலி 1434.